பெண்கள் ஸ்பிரின்ட் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்கும் முறை

ஒலிம்பிக் அல்லது காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் நேரலையில் தடச் சைக்கிள் பந்தயம் வரும்போது பலரும் ஓரிரு நிமிடங்களில் அலைவரிசையை மாற்றிவிடுகிறார்கள். சாய்வான மரத்தடத்தில் இரண்டு வீராங்கனைகள் ஏறக்குறைய நடைவேகத்தில் செல்கிறார்கள். முன்னால் இருப்பவர் தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வேகப் பந்தயம் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் இப்படி ஊர்கிறார்கள் என்று புரிவதற்குள் இருவரும் பாய்ந்து, பத்துப் பதினோரு வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நூறு மீட்டர் ஓட்டத்தையோ நீச்சலையோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கடைசிப் பாய்ச்சல் மட்டுமே பந்தயமாகத் தெரிவது இயல்புதான். ஆனால், யார் வெல்வார் என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, அந்த மெதுவான இரண்டு சுற்றுகளில் அவரவர் பிடித்துக்கொள்ளும் இடத்தால் பாதி தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பகுதியை எப்படிப் பார்ப்பது, எங்கே கண்ணை வைப்பது, எந்த விதியைத் தெரிந்து வைத்திருப்பது என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் தடத்தின் கோடுகள்

சர்வதேசப் போட்டிகள் நடைபெறும் வெலோட்ரோம் தடம் 250 மீட்டர் சுற்றளவு கொண்ட நீள்வட்டம். வளைவுகளில் தளம் 42 முதல் 45 பாகை வரை சாய்ந்திருக்கும். தொலைக்காட்சிக் கேமரா இந்தச் சாய்வைப் பெருமளவு தட்டையாக்கிக் காட்டிவிடுகிறது; ஆகவே வளைவின் உச்சியில், வெளித் தடுப்பை ஒட்டிச் செல்லும் வீராங்கனை அடியில் செல்பவரைவிட ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறார் என்பதைப் பார்ப்பவர்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த உயரம் ஒரு சேமிப்பு. அங்கிருந்து இறங்கும்போது, கால்களின் வலிமையோடு சரிவு தரும் வேகமும் சேர்ந்துகொள்கிறது. வளைவில் ஒருவர் மேலே ஏறுவதைக் கண்டால், அவர் வழி தவறிப் போகவில்லை, பின்னால் செலவழிக்க எதையோ எடுத்து வைக்கிறார் என்று கொள்ளலாம்.

தடத்தில் நீளவாக்கில் மூன்று கோடுகள் ஓடுகின்றன. உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் கருப்புக் கோட்டில்தான் தடத்தின் நீளம் அளக்கப்படுகிறது. அதுவே மிகக் குறுகிய வழி. உள்விளிம்பிலிருந்து 90 சென்டிமீட்டர் தூரத்தில் சிவப்புக் கோடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய அந்தக் குறுகிய பட்டைக்கு ஸ்பிரின்ட் பாதை என்று பெயர். இறுதிப் பாய்ச்சலின் வழக்குகள் எல்லாம் இந்தப் பட்டையைச் சுற்றியே எழுகின்றன. இன்னும் மேலே தெரியும் நீலக் கோடு வேறு வகைப் பந்தயங்களுக்கானது. இருந்தாலும் யார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று மதிப்பிட அது நல்ல அளவுகோல். குறுக்கே செல்லும் கோடுகளில் இரண்டு போதும்: ஒன்று முடிவுக்கோடு, மற்றொன்று கடைசி 200 மீட்டரின் தொடக்கக் கோடு. தடம் 250 மீட்டர் என்பதால், கடைசிச் சுற்றுக்கான மணி ஒலித்த பிறகு 50 மீட்டர் கடந்ததும் இந்த இரண்டாவது கோடு வந்துவிடும்.

சைக்கிளைப் பற்றியும் ஒரு சொல். இதற்கு பிரேக் கிடையாது. ஒரே ஒரு கியர்தான். பெடலும் பின்சக்கரமும் பிணைக்கப்பட்டிருப்பதால் சக்கரம் சுழலும்வரை காலும் சுழன்றே ஆக வேண்டும். வேகத்தைக் குறைப்பதற்குப் பெடலை எதிர்த்து அழுத்துவதும், சரிவில் மேல்நோக்கி ஏறுவதுமே வழி. பந்தயத்தின் நடுவே கியரை மாற்ற முடியாது. ஒரு பந்தயத்திற்கும் அடுத்ததற்கும் இடையில் பற்சக்கரங்களைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கியரோடு வருகிறார் என்பதே ஒருவருடைய உத்தியில் பாதியைச் சொல்லிவிடும். எதிராளிக்கு அதைக் காட்டாமல் இருப்பதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி.

கடிகாரத்திற்கு வேலையிருக்கும் ஒரே சுற்று

போட்டி தகுதிச் சுற்றோடு தொடங்குகிறது. ஒவ்வொருவரும் தனியாக வந்து, சில சுற்றுகள் வேகமெடுத்து, தடத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சரிந்து இறங்கி, கடைசி 200 மீட்டரை முழு வேகத்தில் கடக்க வேண்டும். அந்த 200 மீட்டருக்கு மட்டுமே நேரம் கணக்கிடப்படும். இங்கே பார்க்க வேண்டியது இறங்கும் கோணம். சரியாக இறங்குபவர் சரிவின் வேகம் முழுவதையும் 200 மீட்டர்க் கோட்டைத் தொடும் கணத்தில் கையில் வைத்திருப்பார். பிறகு கருப்புக் கோட்டைவிட்டு விலகாமல் இரண்டு வளைவுகளையும் எடுப்பார். வளைவில் தளத்தின் மேல் ஒரு மீட்டர் விலகினாலும், அந்த ஒரு வளைவிலேயே 2 மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம் சேர்ந்துவிடும்.

2012 லண்டன் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் பிரிட்டனின் விக்டோரியா பென்டில்டன் 10.724 வினாடியில் கடந்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் லியா ஃபிரெட்ரிக் 10.029 வினாடியில் முடித்தார். அது அன்றைய உலகச் சாதனை, மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் திரையில் தோன்றும் நேரங்களைத் தரம்பிரிப்பது எளிது. ஆயினும் அந்த இரண்டு போட்டிகளிலும் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றவர் தங்கம் பெறவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்: லண்டனில் ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸும், பாரிஸில் நியூசிலாந்தின் எலெஸ் ஆண்ட்ரூஸும் வென்றார்கள்.

தகுதிச் சுற்றின் பயன் வரிசை எண்தான். பாரிஸில் 24 பேர் அடுத்த கட்டத்திற்குச் சென்றார்கள். முதலிடம் பெற்றவருக்கு 24ஆம் இடம், இரண்டாமவருக்கு 23ஆம் இடம் என்று எதிராளிகள் அமைந்தார்கள். தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புப் பந்தயங்கள் உண்டு. அவற்றின் வழியாக 24 பேர் 16 ஆகி, 12 ஆகி, காலிறுதிக்கு 8 பேர் எஞ்சினார்கள். காலிறுதியிலிருந்து ஒவ்வொரு மோதலும் மூன்றில் இரண்டு பந்தயங்களை வெல்வதாக மாறுகிறது. மறுவாய்ப்பில் சில சமயம் மூன்று பேர் ஒன்றாக ஓட்டுவார்கள். அது வேறு வகையான ஆட்டம், நடுவில் மாட்டிக்கொள்பவருக்குப் பெரும்பாலும் நல்லது நடப்பதில்லை. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் அவற்றை விட்டுவிட்டு நேரே காலிறுதிக்குச் சென்றாலும் பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து.

பின்னால் வருபவரைப் பாருங்கள்

இருவர் மோதும் பந்தயம் 250 மீட்டர் தடத்தில் மூன்று சுற்றுகள். தொடக்கத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். இரண்டாவது பந்தயத்தில் இடங்கள் மாறும். மூன்றாவது தேவைப்பட்டால் மீண்டும் குலுக்கல். விசில் ஒலித்ததும், உள்ளே நிற்பவர் குறைந்தது நடைவேகத்திலாவது முன்னே செல்ல வேண்டும். எதிராளி தானாகக் கடந்து சென்றாலொழிய, எதிர்ப்புறத்து நேர்ப்பகுதியின் நடுக்கோட்டை அடையும்வரை அந்தக் கடமை அவருடையது. அதன் பிறகு கட்டாயம் எதுவும் இல்லை. அங்கிருந்துதான் உண்மையான ஆட்டம் தொடங்குகிறது.

நம் கண் இயல்பாக முன்னால் செல்பவரிடம் போகும். அதைப் பின்னால் வருபவரிடம் திருப்ப வேண்டும். இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு இந்த ஒன்றே போதும். காரணம் காற்று. வேகம் கூடக்கூட, சைக்கிள் ஓட்டுபவரின் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிறது. முன்னவரின் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டு வருபவர் அதே வேகத்தைக் கணிசமாகக் குறைந்த உழைப்பில் பெறுகிறார். போதாததற்கு, முன்னவர் என்ன செய்கிறார் என்பது பின்னவருக்கு முழுதாகத் தெரியும். பின்னவரைப் பார்க்க முன்னவர் கழுத்தைத் திருப்ப வேண்டும், திரும்பும் அந்த நொடியில் சைக்கிளின் பாதை சற்றே ஆடும். சடுகுடுவில் பாடி வருபவரின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடிப்பவர்கள் இமைக்காமல் காத்திருப்பதைப் போல, பின்னால் இருப்பவர் அந்தத் திரும்பலுக்காகவே காத்திருப்பார். முன்னவர் முகத்தை முன்பக்கம் திருப்பிய மறுகணம் பாய்ச்சல் தொடங்குவது அடிக்கடி காணக்கூடிய காட்சி.

பின்னவர் எவ்வளவு இடைவெளி விடுகிறார் என்று கவனியுங்கள். முன்னவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டே வந்தால், காற்று மறைவு கிடைக்கும். ஆனால் கடந்து செல்லத் தேவையான கூடுதல் வேகத்தைத் திரட்ட இடம் இருக்காது. ஆகவே தேர்ந்தவர்கள் இரண்டு மூன்று சைக்கிள் நீளம் விட்டு, வளைவில் சற்று மேலே ஏறி, அங்கிருந்து கீழே இறங்கியபடி அந்த இடைவெளியை ஓடுதளமாகப் பயன்படுத்துகிறார்கள். முன்னவர் தன் வேகத்தில் மட்டும் இருக்க, பின்னவர் காற்று மறைவில் நுழையும்போதே அவரைவிட வேகமாக வந்துகொண்டிருப்பார். இடைவெளி பெரிதாகிப் போனால் முன்னவர் அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டு பறந்துவிடுவார். எதிராளி மறைவை எட்டிப் பிடிப்பதற்குள் கால்கள் தீர்ந்துபோகும். எவ்வளவு விடுவது என்ற இந்த ஒரு கணக்கில்தான் ஒரு வீராங்கனையின் அனுபவம் வெளிப்படுகிறது.

அப்படியென்றால் முன்னால் இருப்பவர் ஏமாளியா என்று கேட்டால், இல்லை. அவருக்கும் ஆயுதங்கள் உண்டு. தடத்தின் நடுவே மேலே ஏறிச் சென்று எதிராளியை வெளித் தடுப்புக்கும் தனக்கும் இடையே அடைத்து வைக்கலாம். மெதுவாக மேலும் கீழுமாக அலைந்து பின்னவரின் இடைவெளியைக் கலைக்கலாம். எதிராளி எதிர்பார்க்காத தொலைவிலிருந்து, ஒன்றரைச் சுற்று மீதமிருக்கும்போதே நீண்ட பாய்ச்சலைத் தொடங்கிவிடலாம். முன்னால் இருப்பவர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஸ்பிரின்ட் பாதையைப் பிடித்துவிட்டால் எதிராளி வெளிப்புறமாகத்தான் கடக்க வேண்டும். அதாவது இரண்டு வளைவுகளிலும் நீண்ட வழியில் போக வேண்டும். முன்னிலையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இனி, நிற்பது. முன்னே இருப்பவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முன்சக்கரத்தைச் சற்றே சரிவின் மேல்பக்கம் திருப்பி, பெடல்மேல் எழுந்து அப்படியே அசையாமல் நின்றுவிடுவார். எதிராளியை முன்னே தள்ளுவதற்கான தந்திரம் இது. முற்காலத்தில் இதற்குக் கால வரம்பே இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் பந்தயம் ஒன்றில் இருவர் 20 நிமிடங்களுக்கும் மேல் இப்படி நின்றிருக்கிறார்கள். இப்போது ஒரு பந்தயத்தில் அதிகபட்சம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 30 வினாடிக்குள் என்று விதி வகுத்துவிட்டார்கள். அண்மைக் காலத்தில் இந்தக் காட்சி அரிதாகி வருகிறது. கியர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிவருவதே அதற்கு முக்கியக் காரணம்: பெரிய கியரோடு நின்ற நிலையிலிருந்து திடீரென்று வேகமெடுப்பது மிகவும் கடினம், ஆகவே இருவரும் ஓரளவு வேகத்தைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள், பாய்ச்சலும் முன்பைவிடத் தொலைவிலிருந்தே தொடங்குகிறது. பழைய பந்தயங்களின் பதிவைப் பார்த்துவிட்டு இன்றைய பந்தயத்துக்கு வருபவர்கள், தந்திரம் குறைந்துவிட்டது என்று அலுத்துக்கொள்வதுண்டு. தந்திரம் குறையவில்லை, மெதுவான வேகத்தில் நடந்தது இப்போது மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது, கவனிப்பது கடினமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி 200 மீட்டரின் சட்டம்

பாய்ச்சல் தொடங்கிவிட்டால் ஒவ்வொருவரும் தன் பாதையை முடிவுக்கோடு வரை காக்க வேண்டும். எதிராளியைவிடத் தெளிவான முன்னிலை இருந்தால் மட்டுமே பாதை மாறலாம். ஸ்பிரின்ட் பாதைக்குள் இருப்பவரை உட்புறமாகக் கடக்கக் கூடாது. அவரும் அந்தப் பாதையை விட்டு வெளியே வந்து எதிராளியைத் தள்ளக் கூடாது. மீறினால் நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவரைப் பின்தள்ளுவார்கள். முடிவுக்கோட்டை யார் முதலில் தொட்டார் என்பது அப்போது பொருளற்றதாகிவிடும்.

இந்த விதியைப் புரிந்துகொள்ள லண்டன் 2012 இறுதிப் போட்டியைவிடச் சிறந்த பாடம் கிடையாது. பென்டில்டனும் மியர்ஸும் பல ஆண்டுகளாக மோதிவந்தவர்கள். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் மியர்ஸின் சொந்த மண்ணில் தங்கம் வென்றவர் பென்டில்டன். 2008 ஜனவரியில் நடந்த விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த மியர்ஸ், ஏழே மாதத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிக்கு வந்து, அங்கும் பென்டில்டனிடம் தோற்று வெள்ளி பெற்றார். லண்டன் இறுதியின் முதல் பந்தயத்தில் இருவரும் உரசிக்கொண்டே கோட்டை அடைந்தார்கள். புகைப்பட முடிவில் பென்டில்டன் 0.001 வினாடி, அதாவது 2 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரம் முந்தியிருந்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆனால் பாய்ச்சலின்போது அவர் ஸ்பிரின்ட் பாதையைவிட்டு வெளியே வந்தார் என்று நடுவர்கள் தீர்மானித்து, பந்தயத்தை மியர்ஸுக்கு அளித்தார்கள். மியர்ஸின் முழங்கைதான் அவரை நிலைகுலைய வைத்தது என்ற வாதம் இன்றும் நடக்கிறது. பதிவைப் பார்ப்பவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது பந்தயத்தில் முன்னால் இருந்த மியர்ஸ் வேகத்தைக் குறைத்து ஏறக்குறைய நின்றேவிட்டார். பென்டில்டன் முன்னே செல்ல நேர்ந்தது. மேலே சொன்ன காற்று மறைவும் ஓடுதளமும் மியர்ஸின் கைக்குப் போயின. அவர் தெளிவாக முந்தித் தங்கத்தைப் பெற்றார். மெதுவான பகுதியில் பந்தயம் முடிவாவது என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த இரண்டாவது பந்தயத்தைக் காட்டலாம்.

இப்படிப்பட்ட நெருக்கமான முடிவுகளில், கோட்டைத் தொடும் கணத்தில் இருவரும் உடலைப் பின்னுக்கு இழுத்துக் கைகளை நீட்டிச் சைக்கிளை முன்னே எறிவதைக் காணலாம். முன்சக்கரத்தின் முன்விளிம்பு கோட்டைத் தொடுவதே கணக்கு என்பதால் அந்த எறிதல் பல சென்டிமீட்டரை மிச்சப்படுத்தும். 2016 ரியோ இறுதியில் பிரிட்டனின் பெக்கி ஜேம்ஸை ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகல் வென்றபோது, தீர்மானமான பந்தயத்தின் முடிவில் அவருடைய சைக்கிளின் இருக்கையே கழன்று விழுந்துவிட்டது. அந்தக் கணங்களில் சைக்கிள்மீது எவ்வளவு விசை ஏறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

திரையில் பந்தயத்தின் முடிவில் ஒரு நேரம் தோன்றும். அது வென்றவர் கடைசி 200 மீட்டரைக் கடந்த நேரம் மட்டுமே. தந்திரம் மிகுந்த பந்தயத்தில் அது 11 வினாடிக்கு மேலேயும் இருக்கலாம், அதனால் ஆட்டம் தரம் குறைந்துவிடாது. முடிவை உடனே நம்பிவிடவும் வேண்டாம். நடுவர்கள் பதிவை மீண்டும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

பல விளையாட்டுப் போட்டியின் அட்டவணைக்குள் இந்தப் பந்தயம்

உலகச் சாம்பியன்ஷிப்பில் பார்ப்பதற்கும் ஒலிம்பிக்கில் பார்ப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு இருவர்தான் இந்தப் பந்தயத்தில் இறங்க முடியும். வலுவான நாடுகளில் உள்ளூர்த் தேர்வே கடும் போராட்டம். பெண்கள் ஸ்பிரின்ட் 1988 சியோலில்தான் ஒலிம்பிக்கிற்குள் வந்தது. சோவியத் யூனியனுக்காக அதை வென்ற எரிகா சாலுமே, 1992 பார்சிலோனாவில் சுதந்திர எஸ்டோனியாவின் வீராங்கனையாக மீண்டும் வென்றார். 2008 பெய்ஜிங் வரை தடச் சைக்கிளில் ஆண்களுக்கு ஏழு பந்தயங்கள் இருக்க, பெண்களுக்கு மூன்றே இருந்தன. 2012இல்தான் இருபாலாருக்கும் ஐந்து ஐந்து என்று சமமானது. நீண்டகால அநீதி ஒன்று தீர்ந்தது. கூடவே, ஸ்பிரின்ட் வீராங்கனைகளின் உடற்சுமையும் மாறியது: இன்று அதே ஆட்கள் குழு ஸ்பிரின்ட், கெய்ரின் (மோட்டார் வண்டியின் பின்னே வேகமெடுத்துப் பலர் ஒன்றாகப் பாயும் பந்தயம்), தனி ஸ்பிரின்ட் மூன்றிலும் இறங்குகிறார்கள்.

ஆகவே தனி ஸ்பிரின்ட் தொடங்கும் முன் அந்த வாரத்தின் முந்தைய முடிவுகளைப் புரட்டிப் பாருங்கள். பாரிஸில் ஆண்ட்ரூஸ் ஆகஸ்ட் 5ஆம் தேதி குழு ஸ்பிரின்டில் வெள்ளியும், 8ஆம் தேதி கெய்ரினில் தங்கமும் பெற்றுவிட்டே 9ஆம் தேதி தனி ஸ்பிரின்டுக்கு வந்தார். 11ஆம் தேதி இறுதியில் ஃபிரெட்ரிக்கை வென்றார், பிரிட்டனின் எம்மா ஃபினுகேன் வெண்கலம் பெற்றார். எந்தப் பந்தயத்தையும் இழக்காமல் தங்கம் வரை போனாலும் தனி ஸ்பிரின்டில் மட்டும் பத்து முறை தடத்தில் இறங்க வேண்டும். அரையிறுதியில் ஒருவர் மூன்றாவது பந்தயம் வரை இழுக்கப்பட்டு, எதிர்ப்பக்கத்தில் மற்றவர் இரண்டிலேயே முடித்திருந்தால், இறுதியில் முதலாமவரின் கால்களில் அதன் தடம் தெரியும். மைதானத்தின் நடுப்பகுதியில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் உருளைகளான ரோலர்மேல் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டிருப்பவர்களைக் கேமரா காட்டும்போது யார் எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்ப்பதும் பயனுள்ளதே.

காமன்வெல்த் போட்டியில் கணக்கு சற்று மாறும். ஒலிம்பிக்கில் பிரிட்டன் என்ற ஒரே அணியில் ஓட்டுபவர்கள் அங்கே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று பிரிந்துவிடுவார்கள். பாரிஸ் குழு ஸ்பிரின்டில் சேர்ந்து தங்கம் வென்ற மூவரில் ஃபினுகேன் வேல்ஸுக்கும், கேட்டி மார்ச்சன்ட், சோஃபி கேப்வெல் இருவரும் இங்கிலாந்துக்கும் உரியவர்கள். 2014 கிளாஸ்கோவில் கிறிஸ் ஹோய் வெலோட்ரோமில் நடந்த பெண்கள் ஸ்பிரின்ட் இறுதியில் இரண்டு ஆஸ்திரேலியர்களே மோதினார்கள்; ஒலிம்பிக் சாம்பியனான மியர்ஸை அணித்தோழியான ஸ்டெஃபனி மோர்ட்டன் வென்றார். 2026 காமன்வெல்த் போட்டிக்கும் தடச் சைக்கிள் பந்தயங்கள் அதே அரங்கத்திற்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒருவரையொருவர் தினமும் பயிற்சியில் பார்ப்பவர்கள் மோதும்போது முதல் பந்தயத்தைவிட இரண்டாவதைக் கவனமாகப் பாருங்கள். முதலாவதில் தோற்றவர் எதிராளிக்குத் தெரியாத எதையாவது அதில்தான் செய்து பார்ப்பார்.